ஞானராஜின் குழாயில் என் மூச்சு

பேய், பிசாசு, காத்து, கருப்பு, இதிலெல்லாம் எனக்கு ஒருநாளும் ஒட்டுதல் இருந்ததில்லை. அதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்ல எனக்குத் தெம்பு வரும். நான் ரசாயனம் படித்தவன். எரிந்தால் சாம்பல், ஆவியானால் வாசனை, எதுவும் இல்லாமல் போவதில்லை, எதுவும் இல்லாததிலிருந்து வருவதுமில்லை, அவ்வளவுதான் என் வேதாந்தம். தாம்பரம் ரயில்வே கேட் பக்கத்தில் ஒரு புளியமரத்தைக் காட்டி ஆயிரம் சொல்வார்கள், அதன் அடியில் நான் மழைக்கு ஒதுங்கித் தூங்கியே இருக்கிறேன், ஓர் எறும்பு கடித்தது, அதோடு சரி. ஆனால் ஒரு சனிக்கிழமை மத்தியானம், இருட்டுகூட இல்லை, நல்ல பகல், அன்று நடந்ததை மட்டும் இத்தனை வருஷமாக எந்த பாட்டிலிலும் அடைத்து லேபிள் ஒட்ட என்னால் முடியவில்லை. நீங்கள் முழுக்க நம்பவேண்டாம். பாதி நம்பினால் போதும், மீதிப் பாதியை நானே நம்பவில்லை.

அறுபதுகளின் ஆரம்பம் அது. தாம்பரத்தில், மரங்களுக்குள் நுழைந்து வருவதற்குள் மின்சார ரயிலின் சத்தம் களைத்துப்போய்விடும் ஒரு கல்லூரி. நானும் ஞானராஜும் அங்கே ரசாயனத் துறையில், லேபில் பையன்களுக்குச் சோதனை செய்துகாட்டுகிற டெமான்ஸ்ட்ரேட்டர்கள். நான் ஒரு வருஷம் சீனியர், அந்த ஒரு வருஷத்தைத் தவிர அவனைவிட எதிலும் நான் கூடுதல் இல்லை. அவன் ஆசிட் ஊற்றினால் பாட்டிலின் கழுத்தில் ஒரு சொட்டு நிற்காது. சர்ச்சில் அவன் பாடினால் முன்வரிசைக் கிழவிகள் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்கள். ராஜகீழ்ப்பாக்கத்தில் அவனுக்கு ஓர் அக்கா வீடு இருந்தது, எஸ்தர் அக்கா, ஸ்கூல் டீச்சர், மத்தியானம் அவன் டிபன் கேரியரைத் திறந்தால் மூன்று அடுக்கிலும் மூன்று வாசனை வரும். மேற்குத் தாம்பரத்தில் லாட்ஜ் அறையில் கிடந்த எனக்கு ஹோட்டல் பொட்டலத்தில் ஒரே வாசனை, வாழை இலை வாசனை. அவன் அதில் பாதியை எனக்குத் தள்ளிவிடுவான். அதையும் நான் மன்னிக்கவில்லை. கொடுக்கிறவனாக இருப்பதற்கும் அவன்தான், வாங்கித் தின்கிறவனாக இருப்பதற்கு நான்.

அவன் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவான். அந்தச் சொல்லில் கள்ளம் இல்லை, அதுதான் கஷ்டம். கள்ளம் இருந்திருந்தால் பதிலுக்கு நானும் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

எங்கள் புரொபசர் பெங்களூருக்கு ஓர் ஆளை ஆராய்ச்சிக்கு அனுப்பவேண்டியிருந்தது. ஒரே ஓர் இடம். போகிறவன் டாக்டர் பட்டத்தோடு திரும்புவான், அல்லது திரும்பவே மாட்டான், கப்பலேறிவிடுவான். போகாதவன் பையன்களுக்கு உப்பு கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு வெள்ளைக் கோட்டில் மஞ்சள் கறையோடு கிழவனாவான். யாரை அனுப்புவது என்று தீர்மானிக்க அவர் எங்களிடம் பரீட்சை வைக்கவில்லை, ஒரு கண்ணாடிக் குழாயைக் கொடுத்தார். ஈதரின் ஆவியழுத்தத்தை அளந்து கொண்டு வாருங்கள், ஐந்து வெப்பநிலையில், யாருடைய கை சுத்தம் என்று பாதரசம் சொல்லிவிடும் என்றார். இரண்டு பேரும் சமமாக வந்தால் சீனியர் போகட்டும் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் ஒரு மிட்டாய் மாதிரி வாயில் அடக்கிக்கொண்டே அந்த மாதம் முழுக்கத் திரிந்தேன்.

அந்தச் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், பயப்படாதீர்கள், பாடம் இல்லை. ஒரு மீட்டர் நீளக் குழாய், ஒரு முனை மூடியது. அதில் பாதரசம் நிறைத்து, விரலால் அடைத்து, பாதரசத் தொட்டிக்குள் தலைகீழாக நிறுத்தினால், பாதரசம் கொஞ்சம் இறங்கி ஓர் உயரத்தில் நின்றுகொள்ளும். அதற்கு மேலே குழாயின் உச்சியில் ஒரு வெறுமை. காற்றுகூட இல்லாத வெறுமை, ஆண்டவன் உலகத்தை ஆரம்பிப்பதற்கு முன்னால் வைத்திருந்த மாதிரியான ஒரு சாண் வெறுமை. வளைந்த முனையுள்ள ஒரு சின்னக் கண்ணாடிக் குழலில் ஈதரை எடுத்து, குழாயின் வாய்க்குக் கீழே கொண்டுபோய் மெல்ல ஊதினால், ஒரு துளி பாதரசத்துக்குள் ஏறி அந்த வெறுமையை எட்டிப்பிடிக்கும். எட்டிய கணமே ஆவியாகி, பாதரசத்தைக் கீழே தள்ளும். எவ்வளவு தள்ளியது என்பதுதான் அளவு. இதில் எனக்கு எப்போதும் ஆச்சரியம் ஒன்று உண்டு. அடியில் கொஞ்சம் திரவம் மிச்சம் நிற்கிற வரைக்கும், அது ஒரு துளியானாலும் ஒரு குடமானாலும் தள்ளுவது ஒரே அளவுதான். சூடு மட்டும்தான் கணக்கு. பொறாமையும் அப்படித்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஒரு துளி போதும், உள்ளே இருக்கிற வெறுமை முழுவதையும் அது நிரப்பிவிடும்.

ஒரே ஸ்டாண்டில் மூன்று குழாய்கள். நடுவில் ஒன்றும் போடாத வெறுங்குழாய், ஒப்பிடுவதற்கு. இடதுபக்கம் என்னுடையது. வலதுபக்கம் ஞானராஜுடையது. மூன்றையும் சுற்றி அகலமான கண்ணாடி உறை, அதற்குள் தண்ணீரோ ஐஸோ. பாதரசம் நிறைக்கும்போது கண்ணாடிச் சுவரில் ஊசிமுனைக் குமிழிகள் ஒட்டிக்கொள்ளும், ஒரு பெரிய குமிழியை மேலும் கீழும் ஓடவிட்டு அவற்றைத் துடைத்தெடுக்கவேண்டும், பொறுமையான வேலை. ஞானராஜ் இருபது தடவை ஓடவிட்டான். நான் நான்கு தடவை. அதனால் என் குழாயின் உச்சியில் எப்போதும் ஒரு சிட்டிகை காற்று தங்கி, ஈதரோடு சேர்ந்து தானும் தள்ளிக்கொண்டிருந்தது; என் அளவு எல்லாமே இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதல். மறுபடி நிறைக்க நேரமில்லை. மறுபடி நிறைத்தாலும் நான் நான்கு தடவைதான் ஓடவிட்டிருப்பேன், என் கை எனக்குத் தெரியும்.

அளவு எடுப்பதில் எங்கள் புரொபசரின் சட்டம் ஒன்று இருந்தது. ஒருவன் டெலஸ்கோப் வழியாக மட்டத்தைப் பார்த்து எண்ணை உரக்கச் சொல்லவேண்டும். மற்றவன் ஸ்டூலில் உட்கார்ந்து அதே எண்ணைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் நோட்டில் எழுதவேண்டும். அவன் எண்ணை நான் எழுதுவேன், என் எண்ணை அவன் எழுதுவான். பார்ப்பதற்கு முன்னால் குழாயைப் பென்சிலால் தட்டவேண்டும், பாதரசம் கண்ணாடியில் ஒட்டி ஏமாற்றும், தட்டினால்தான் உண்மையான மட்டத்துக்கு வரும். எல்லோரும் ஏதோ தட்டுவோம். ஞானராஜ் மட்டும் டக் டக் என்று இரண்டு, ஒரு மூச்சு நிறுத்தி, டக் என்று ஒன்று. யாரோ தெரிந்தவர் வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கும்.

நான்கு வெப்பநிலை முடிந்தது. அவன் புள்ளிகள் கோட்டின் மேல் நூல் பிடித்த மாதிரி உட்கார்ந்தன. கடைசியாக ஐஸ் நிலை மட்டும் பாக்கி. அந்த வியாழக்கிழமை அவன் மழையில் நனைந்து சைக்கிளில் வீட்டுக்குப் போனவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். சனிக்கிழமை நீயே இரண்டு பேருடையதையும் எடுத்து எழுதிவிடு, திங்கட்கிழமை நான் வந்து பார்க்கிறேன் என்று புரொபசர் என்னிடம் சொன்னார். அவர் என்னை நம்பினார். நம்புகிறவர்களிடம் ஒரு சிரமம், அவர்கள் கதவைச் சாத்துவதில்லை.

அந்த வாரம் எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. மருந்தென்று கிராம்புதான், ஒன்று கரைந்ததும் அடுத்தது, சட்டைப் பையில் ஒரு பொட்டலமே இருந்தது. நாக்கு மரத்துப்போய், மூச்சு விட்டால் எனக்கே கிராம்பு மணக்கும். இதைச் சும்மா சொல்லவில்லை, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை கல்லூரிக்கு லீவு. ஐப்பசித் தூறல். அட்டெண்டர் மாசிலாமணி மார்க்கெட் ஐஸ் டிப்போவிலிருந்து மரத்தூளும் சாக்கும் சுற்றிய ஐஸ் கட்டியை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். பள்ளிக்கரணை ஆள், அங்கே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது என்று காலையிலிருந்து புலம்பல். ஐஸை உடைத்து உறைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார்:

"மீன்காரனுக்குக் கூட இவ்ளோ பேஜார் இல்ல சார். மீனுக்கு வெச்ச ஐஸ எட்த்தாந்து கண்ணாடிக்கு வெக்கிறீங்க. மீனாவது கொழம்புக்கு ஆவும்."

பிறகு பீடி பிடிக்க வெளியே போர்ட்டிகோவுக்குப் போனார். ஈதர் இருக்கிற அறையில் தீக்குச்சி ஆகாது. நான் தனியானேன்.

என் குழாயை முதலில் பார்த்தேன். வெறுங்குழாயின் மட்டத்தைப் பூஜ்யமாக வைத்துக் கீழே இறங்கினால் பதினெட்டு புள்ளி எட்டு ஒன்று, சென்டிமீட்டரில். அப்புறம் அவனுடையது. பதினெட்டு புள்ளி ஐந்து இரண்டு. புத்தகத்தில் அச்சடித்திருக்கிற எண்ணுக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டிருந்தது அவன் பாதரசம், காய்ச்சலில் ஆள் கிடந்தாலும் அது மட்டும் நிமிர்ந்து.

நோட்டைத் திறந்தேன். ஐந்தை எட்டாக்குவது ஒரு சுழிப்பு, அவ்வளவுதான். எழுதியிருக்கலாம். இங்கேதான் நீங்கள் சிரிக்கப்போகிறீர்கள்: என்னால் பொய் எழுத முடியவில்லை. வாத்தியார் மகன், ஞாயிறு பள்ளியில் வளர்ந்தவன், பார்க்காத எண்ணை நோட்டில் எழுதுவது பொய்ச்சாட்சி என்று ரத்தத்தில் ஊறியிருந்தது. பென்சில் முனை காகிதத்தைத் தொடவே மாட்டேன் என்றது. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது பாருங்கள், இன்றைக்கும் அதன் சாமர்த்தியத்தை நினைத்தால் கூசுகிறது. பொய்யை நோட்டில் எழுதினால்தானே பாவம், பொய்யைக் குழாய்க்குள் அனுப்பிவிட்டால், அப்புறம் கண்ணால் பார்த்த எண்ணைத்தானே எழுதுகிறேன், அது உண்மைதானே.

அவனைக் கெடுக்கக்கூட நான் நினைக்கவில்லை. என்னைப்போல ஆக்கினால் போதும். என் குழாயில் இருக்கிற ஒரு சிட்டிகைக் காற்று அவன் குழாயிலும் இருந்துவிட்டால், அவன் எடுத்த மற்ற நான்கு அளவின் மேலும் சந்தேகம் விழும், இரண்டு பேரும் சமம். சமமானால் சீனியர்.

வளைந்த குழலை எடுத்தேன். அதில் ஒன்றும் நிரப்பவில்லை. முனையைத் தொட்டிக்குள் விட்டு அவன் குழாயின் வாய்க்கு நேராகக் கொண்டுபோய், மறுமுனையில் வாயை வைத்து, கிராம்பை நாக்கால் ஒதுக்கிக்கொண்டு, ஊதினேன். முதலில் பாதரசம் வழிவிடவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி ஊதினேன். கண்ணாடியை ஒட்டி வெள்ளிக்குள் ஒரு நிழல், உளுந்தளவு, நெளிந்து நெளிந்து ஏறிப்போய், உச்சியில் ஈதருக்குள் உடைந்தது. என் மூச்சு. அவனுடைய அந்தச் சுத்தமான வெறுமைக்குள், அவன் இருபது தடவை துடைத்து வைத்த இடத்தில், என் கிராம்பு மூச்சு. பாதரசம் மூன்று மில்லிமீட்டர் இறங்கி நின்றது.

எனக்குள் ஏதோ மெல்ல அவிழ்ந்தது. வெட்கம் என்று சொல்ல ஆசை, ஆனால் அது சந்தோஷம்தான்.

குழலைத் துடைத்து வைத்தேன். டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். அறையில் நான் ஒருவன்தான், யாருக்காகவும் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் இரண்டு வருஷப் பழக்கம், வாய் தானாகத் திறந்து எண்ணை உரக்கச் சொன்னது.

"எய்ட்டீன் பாயின்ட் எய்ட் டூ."

பின்னால் ஸ்டூல் இருக்கிற பக்கத்திலிருந்து பதில் வந்தது. உரத்த குரல் இல்லை, சோர்ந்த குரல், மூக்கடைத்த குரல், ஆனால் ஞானராஜின் குரல்.

"எய்ட்டீன் பாயின்ட் ஃபைவ் டூ."

நான் திரும்பவில்லை. திரும்பிப் பார்த்தேன் என்று கதைக்காகச் சொல்லலாம், பார்க்கவில்லை, கழுத்து வரவில்லை. கண் டெலஸ்கோப்பிலேயே இருந்தது. காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தம்தான் இப்படிக் கேட்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, முட்டாள்தனமாக, அல்லது பிடிவாதமாக, மறுபடியும் சொன்னேன், எய்ட் டூ என்று. மறுபடியும் அதே பதில், ஃபைவ் டூ, இந்தத் தடவை கொஞ்சம் சலிப்போடு, நான் தப்பாகச் சொல்லும்போதெல்லாம் அவன் திருத்துகிற அதே சலிப்பு. அப்புறம் பென்சில் சத்தம். என் முகத்துக்கு முன்னாலிருந்த கண்ணாடியில். டக் டக். ஒரு மூச்சு நேரம். டக்.

டெலஸ்கோப்பின் வட்டத்துக்குள் பாதரசம் ஏறியது.

நம்பினால் நம்புங்கள். என் கண்ணுக்கு முன்னால், மெதுவாக, ஒரு கண்ணிமை திறக்கிற மாதிரி ஏறி, ஐந்து இரண்டில் நின்றது. குழாயின் உச்சிக்குப் போன காற்று வெளியே வரமுடியாது, கீழே எழுபது எண்பது ராத்தல் கனத்தில் பாதரசம் என்று எனக்குத் தோன்றியது, அவ்வளவு இல்லை, ஆனால் அந்த நேரத்தில் அப்படித் தோன்றியது. எப்படியானாலும் வழி கிடையாது, மேலே கண்ணாடி, கீழே பாதரசம். என் மூச்சு அதற்குள் இல்லை. எங்கே போனது?

எவ்வளவு நேரம் நின்றேனோ, கடைசியில் திரும்பினேன். யாரும் இல்லை. ஸ்டூல், நோட்டு, பென்சில், ஜன்னலுக்கு வெளியே தூறல். போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தேன். பலகை சூடாக இருந்தது. வெயிலில் கிடந்த சூடு இல்லை, காய்ச்சல்காரன் படுத்து எழுந்துபோன பாயில் இருக்குமே, அந்தச் சூடு.

நின்றபடியே அவன் நோட்டில் பதினெட்டு புள்ளி ஐந்து இரண்டு என்று எழுதினேன். என் கையெழுத்துத்தான். ஆனால் அது என் நேர்மை என்று ஒருபோதும் நினைத்துவிடாதீர்கள். சொல்லச் சொல்ல எழுதுகிற வேலைதானே எனக்கு.

வெளியே வந்து பூட்டும்போது மாசிலாமணி பீடியை அணைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா சார், மூஞ்சி ஐஸ் மாரி வெளுத்துப்போய் கீது?" என்றவர், கொஞ்சம் தயங்கி, "ஞானராஜ் சாருக்கு காய்ச்ச வுட்டுப்போச்சா? உள்ள நம்பரு சொல்லிகினு இருந்தாரே" என்றார்.

ஞானராஜ் எப்போது உள்ளே வந்தான் என்று நான் அவரைக் கேட்டேன். அவர் திருப்பி என்னைக் கேட்டார், அதானே, நான் வாசல்லயே கீறேன், எப்போ வந்தார்?

அன்றிரவு லாட்ஜில் கிராம்பு போட்டுக்கொண்டேன். காரம் இல்லை, மணம் இல்லை, பழைய சரக்கைக் கொடுத்துவிட்டான் என்று கடைக்காரனை மனதுக்குள் திட்டினேன். அதோடு இன்னொன்றும் நினைத்தேன், கேட்டால் என்ன மனுஷன் என்பீர்கள்: ஓர் அதிசயம் நடந்தால்கூட அதுவும் அவன் வழியாகத்தான் நடக்கவேண்டுமா என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ராஜகீழ்ப்பாக்கத்துக்கு சைக்கிளை மிதித்தேன். செத்துக்கித்துப் போயிருப்பானோ என்று ஒரு பயம், அப்படி இருந்தால் இடம் எனக்குத்தான் என்று அந்தப் பயத்துக்கு அடியில் ஒரு கணக்கு. இரண்டும் ஒரே பெடலை மாறி மாறி மிதித்தன. அவன் சாகவில்லை. தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கிப்போயிருந்தான். எஸ்தர் அக்கா தவழ்கிற மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை வாசலறையில் உட்காரவைத்தார். புதுக் கிராம்பு ஒன்று என் வாயில் இருந்தது.

"நேத்து மத்தியானம் நீ வந்திருந்தா பயந்திருப்ப சீலன்" என்றார். "பென்சில் குடு, பென்சில் குடுன்னு ஒரே பெனாத்தல். குடுத்தா டம்ளர்ல தட்டுறான். இங்கிலீஷ்ல நம்பர் சொல்றான், தப்பு, திரும்பப் பாருங்கிறான், யாரைப் பாத்து சொல்றான்னே தெரியல. அப்புறம் ஒரு மூச்சு விட்டான் பாரு, அவ்வளவு பெரிசா, உள்ள இருக்கிறதையெல்லாம் வெளிய தள்ற மாதிரி. எல்லாம் முடிஞ்சதுன்னு நான் ஜெபம் பண்ண ஆரம்பிச்சுட்டேன். அதோட வேர்த்துக் கொட்டி காய்ச்சல் இறங்கிடுச்சு."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த மூச்சுல ஆஸ்பத்திரி வாசனை. சரி, உங்க லேப் வாசனைன்னு வெச்சுக்கலாம். கிராம்பு வாசனை எப்படி வரும்? அவனுக்குக் கிராம்பே ஆகாது, குழம்புல கிடந்தாக்கூட பொறுக்கி ஓரமா வெச்சுடுவான். இந்த ரூம் பூரா கிராம்பு. இன்னும் தலகாணியில அடிக்குது."

இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு இதைக் கேட்டார். என் வாயில் கிராம்பு இருந்தது. நான் பேச வாயைத் திறந்தேன், அவருக்கு என்னிடமிருந்து எந்த வாசனையும் வரவில்லை. கிராம்பை விழுங்கிவிட்டேன். தொண்டையில் ஒரு குச்சி இறங்கிய மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை புரொபசர் வந்தார். நோட்டைப் பார்த்தார். பிறகு உறையிலிருந்து குழாய்களை விடுவித்து, தொட்டியை விட்டு வாய் வெளிவராமல் ஒவ்வொன்றாகச் சாய்த்தார். சாய்த்தால் ஆவி ஒடுங்கித் திரவமாகிவிடும், பாதரசம் உச்சிவரை ஓடும், உள்ளே காற்று இருந்தால் மட்டும் ஒரு குமிழி ஒடுங்க இடமில்லாமல் உச்சியில் நின்று காட்டிக்கொடுக்கும். என் குழாயில் நின்றது, கடுகு மாதிரி. அவனுடையதைச் சாய்த்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். சாய்த்தவர் நாக்கைச் சப்புக்கொட்டியதைக் கேட்டுத் திறந்தேன். கடைசிவரை வெள்ளி, அதன் முனையில் ஒரு துளி ஈதர், வேறு ஒன்றுமில்லை. நான் ஊதியதை நான் பார்த்தேன். இறங்கியதைப் பார்த்தேன். அங்கே ஒன்றுமில்லை.

"ஞானராஜ்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

அவன் பெங்களூர் போனான், அங்கிருந்து கப்பலும் ஏறினான். சென்ட்ரலில் வழியனுப்ப நானும் போயிருந்தேன், போகாமல் இருந்தால் பொறாமை என்பார்களே. ரயில் நகரும்போது ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, ரீடிங் எடுத்துக் கொடுத்ததுக்கு ரொம்ப தேங்க்ஸ் மச்சான் என்றான். அவன் முகத்தில் எதையாவது படிக்க முடிகிறதா என்று பார்த்தேன். நான் எதையும் சரியாகப் படிக்கத் தெரியாதவன் என்றுதான் பாதரசமே சொல்லிவிட்டதே.

கிராம்பு எனக்குத் திரும்ப வரவில்லை. கடை மாற்றிப் பார்த்தேன், கிராம்புத் தைலத்தை மூக்கில் பிடித்துப் பார்த்தேன், பல்லையே பிடுங்கிப் போட்டேன். மல்லிகை மணக்கிறது, சாக்கடை மணக்கிறது, ஈதர் மணக்கிறது, கிராம்பு மட்டும் மரத்துண்டு. இதை டாக்டரிடம் சொல்லவில்லை. என் மனைவியிடம் சொல்லவில்லை. அவள் கிராம்பு போட்டுப் பொங்கும்போது பக்கத்தில் போய் நின்று, பிரமாதமாக மணக்கிறது என்று சொல்லப் பழகிக்கொண்டேன். சத்தியமாக ஒருவரிடமும் சொன்னதில்லை, உங்களிடம்தான் முதல்முறை.

எழுபதுகளின் கடைசியில் எஸ்தர் அக்காவின் அந்த மகளுக்குக் கல்யாணம். தாம்பரத்திலேயே, சர்ச்சுக்குப் பக்கத்து ஹாலில். ஞானராஜ் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தான், காதோரம் நரை, அதுவும் அவனுக்குப் பொருந்தியிருந்தது. நான் அதே கல்லூரி, அதே அறை, அதே வெள்ளைக் கோட்டு. பந்தியில் என்னைத் தேடிப்பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தான். பிரியாணி பரிமாறினார்கள். அவன் வழக்கம்போல முதலில் கிராம்புகளைப் பொறுக்கினான், மூன்று இருந்தன. அவற்றைத் தன் இலையின் ஓரத்தில் வைக்கவில்லை. கையை நீட்டி, என் இலையின் ஓரத்தில் வரிசையாக வைத்தான்.

"இந்தா மச்சான், உன்னுது" என்றான்.

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ஒரு விரலால் இலையைத் தட்டினான், இரண்டு, அப்புறம் ஒன்று. எதிர்ப்பந்தியில் யாரோ கூப்பிட, கையசைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தான்.

நான் ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக் கடித்தேன். மரம். அவனுக்கு எப்படித் தெரியும், என்ன தெரியும், எப்போதிலிருந்து தெரியும், எதையும் நான் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் கேட்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அவன் சோற்றைப் பிசைகிற விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவற்றில் கிராம்பு இப்போது மணக்கும், கை கழுவிய பிறகும் கொஞ்ச நேரம் மணக்கும் என்று.